சொட்டுநீர் போட்ட பிறகும் எலுமிச்சை வாடுகிறதே, ஏன்?

தென்காசி மாவட்டம், புளியங்குடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தின் சுருக்கம் இது:

"எங்களுக்கு மூன்று ஏக்கர் எலுமிச்சை இருக்கிறது. ஏழு வயது மரங்கள், செவல் மண், 18 அடிக்கு 18 அடி இடைவெளி. 20 அடி விட்டத்தில் ஒரு வட்டக் கிணறும் இரண்டு போரும் உண்டு. ஒரு போர் வற்றிவிட்டது. இன்னொன்றின் தண்ணீரைக் கிணற்றில்தான் விடுகிறோம். மரத்துக்கு இரண்டு டிரிப்பர் (சொட்டு விடும் முனை) வீதம், தூரை ஒட்டி, நாலு வருஷத்துக்கு முன்னால் மானியத்தில் சொட்டுநீர் போட்டோம். தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் விடுகிறோம். ஆனாலும் பங்குனி பிறந்தால் இலை சுருண்டு பிஞ்சு கொட்டுகிறது. சில மரங்களின் தூரில் பிசின் வடிகிறது, டிரிப்பரைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் பழையபடி வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுகிறார், அவர் மரம் பச்சையாக நிற்கிறது. சொட்டுநீரைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா? மூன்றாவது போர் போடலாமா? சேர்ந்தாற்போல் கிடக்கும் இரண்டு ஏக்கரிலும் எலுமிச்சை வைக்க மகன் ஆசைப்படுகிறான். அதற்குத் தண்ணீர் காணுமா?"

அண்ணாச்சி, வணக்கம்.

சொட்டுநீரைப் பிடுங்க வேண்டாம். மூன்றாவது போரும் வேண்டாம். இரண்டு ஏக்கர் விஷயத்தைக் கடைசியில் பேசுவோம். உங்கள் கடிதத்தில் எல்லா விவரமும் இருக்கிறது, இரண்டே இரண்டு கணக்கு மட்டும் இல்லை. மரம் எவ்வளவு கேட்கிறது என்பது ஒன்று, கிணறு எவ்வளவு தருகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டும் தெரியாமல் எந்த முடிவு எடுத்தாலும் காசுதான் வீண்.

முதலில் மரத்தின் கணக்கு. ஏழு வயது எலுமிச்சையின் குடை சுமார் 13 அடி விட்டம் இருக்கும். நீங்களே உச்சி வேளையில் மரத்தடி நிழலை டேப் வைத்து அளந்து பாருங்கள். 13 அடி என்றால் பரப்பு 12 சதுர மீட்டர் சொச்சம். உங்கள் பக்கம் சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்பது 1 லிட்டர். பன்னிரண்டை ஆறால் பெருக்கினால் 72 லிட்டர். மரத்துக்கு மரம் இடைவெளி இருப்பதால் வெயிலும் காற்றும் பக்கவாட்டிலும் தாக்கும், ஆகவே 80 லிட்டர் என்று போடுங்கள். தை மாதத்தில் மழையில்லாத நாளுக்கு இதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும்.

இப்போது நீங்கள் கொடுப்பது எவ்வளவு? டிரிப்பர் மணிக்கு 8 லிட்டர் வகை என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு டிரிப்பரில் ஒரு மணி நேரத்துக்கு 16 லிட்டர். எண்பது கேட்கிற மரத்துக்குப் பதினாறு. இலை சுருளாமல் என்ன செய்யும்? கன்றாக இருந்தபோது 16 லிட்டர் தாராளம். மரம் வளர்ந்துவிட்டது, மோட்டார் ஓடும் நேரம் மட்டும் வளரவில்லை. அதே ஒரு மணி நேரத்தை ஐப்பசி அடைமழையிலும் விடுகிறீர்கள் போலிருக்கிறது. 'தவறாமல்' என்று நீங்கள் எழுதியிருப்பதால் கேட்கிறேன்.

பக்கத்துத் தோட்டம் பச்சையாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். வாய்க்காலில் ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் அது 2 லட்சம் லிட்டர். வாரம் ஒரு முறை அவர் அப்படிப் பாய்ச்சினால் மரத்தின் தேவை தீர்ந்து, மிச்சம் செவல் மண்ணில் வேருக்குக் கீழே இறங்கிவிடும், களைக்கும் போகும். உங்கள் ஏக்கரில் 134 மரம். நாளுக்கு 80 லிட்டர் வீதம் முழுதாகக் கொடுத்தாலும் வாரத்துக்கு 75,000 லிட்டரில் முடிந்துவிடும். அவர் கிணறு எத்தனை நாள் தாங்கும் என்று வைகாசியில் கேட்டுப் பாருங்கள்.

சரி, நேரத்தை ஐந்து மடங்கு கூட்டிவிட்டால் போதுமா என்றால், போதாது. டிரிப்பர் இருக்கும் இடமும் தப்பு.

ஒரு வேலை செய்யுங்கள். காலையில் தண்ணீர் விட்டு நிறுத்திய இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு டிரிப்பருக்குக் கீழே மண்வெட்டியால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். மேலே உள்ளங்கையளவு ஈரம் தெரியும். உள்ளே அது அகன்று, செவல் மண்ணில் இரண்டரை அடி, மிஞ்சிப்போனால் மூன்றடி விட்டத்தோடு நின்றிருக்கும். அதற்கு அப்பால் மண் புழுதியாக இருக்கும். களிமண் என்றால் ஈரம் பக்கவாட்டில் ஓடும், செவல் மண்ணில் நேராகக் கீழேதான் இறங்கும். எலுமிச்சையின் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு அடிக்குள், குடையின் நிழல் முழுக்கப் பரவ வேண்டியவை. உங்கள் தோட்டத்தில் அவை தூரை ஒட்டிய இரண்டு ஈரத் திட்டுகளில் முடங்கிக் கிடக்கின்றன. சந்தேகம் இருந்தால் அந்தக் குழியிலேயே பாருங்கள், வெள்ளை நுனியோடு நார் நாராக வேர் அடைந்திருக்கும். இரண்டடி தள்ளி இன்னொரு குழி எடுத்தால் ஒன்றும் இராது.

குடை நிழலில் மூன்றில் ஒரு பங்காவது நனைய வேண்டும் என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவு. உங்கள் மண்ணில் அதற்கு மரத்துக்கு எட்டு டிரிப்பர், மணிக்கு 4 லிட்டர் வகை, தேவைப்படும். மர வரிசைக்கு இரண்டு பக்கமும் தூரிலிருந்து மூன்று, நாலு அடி தள்ளிப் பக்கக் குழாய் இழுத்து, பக்கத்துக்கு நாலு வீதம் போடலாம். அல்லது இருக்கிற குழாயிலிருந்து பிரித்து மரத்தைச் சுற்றி வளையம் போடலாம். எனக்கு இரண்டு குழாய் முறைதான் பிடிக்கும். வளையம் களை வெட்டும்போது அடிக்கடி அறுபடும். எட்டு நான்கு முப்பத்திரண்டு, இரண்டரை மணி நேரத்தில் 80 லிட்டர் வந்துவிடும். மூன்று ஏக்கரையும் ஒரே நேரத்தில் திறந்தால் மணிக்கு 13,000 லிட்டர் அழுத்தத்தோடு தள்ள வேண்டியிருக்கும், மோட்டார் திணறலாம். வால்வு வைத்து இரண்டாகப் பிரித்து, ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் திறவுங்கள்.

தெளிப்பு முறை போடலாமே என்று சிலர் சொல்வார்கள். மரத்தடியில் சின்னத் தெளிப்பான் வைத்தால் நனையும் பரப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றில் உங்கள் ஊரில் அது நிற்காது. தண்ணீர் உங்கள் மரத்தை விட்டு வரப்புக்குப் போய்விடும்.

தூரில் பிசின் வடிவதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அது வேர்ப்பகுதியில் ஈரத்தில் வாழும் பூஞ்சாணத்தின் வேலை. டிரிப்பர் நாலு வருஷமாக அடிமரத்தை நனைத்துக்கொண்டே இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். டிரிப்பரைத் தள்ளிவைத்ததும், தூரைச் சுற்றி ஒன்றரை அடிக்கு மண்ணைக் கொஞ்சம் மேடாக அணைத்து அங்கே தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் பாய்ச்சல் இருந்த காலத்தில் பெரியவர்கள் மரத்துக்கு உள்வட்டம், வெளிவட்டம் என்று இரட்டைப் பாத்தி கட்டியது இதற்காகத்தான். பிசின் உள்ள பட்டையைக் கத்தியால் நல்ல பட்டை தெரியும் வரை சுரண்டிவிட்டு போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, இரண்டையும் தனித்தனியாக அரை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை, இரும்புப் பாத்திரம் கூடாது. சுரண்டிய பட்டையைத் தோட்டத்திலேயே போடாமல் எரித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எல்லா மரங்களுக்கும் இரண்டடி உயரத்துக்குத் தடவுவது நல்லது.

டிரிப்பரைச் சுற்றிப் பூத்திருக்கும் வெள்ளை, தண்ணீரில் உள்ள சுண்ணாம்பாகவும் இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா உப்பைத் தாங்காத இனம். கிணற்றுத் தண்ணீர், போர்த் தண்ணீர் இரண்டிலும் தனித்தனி பாட்டிலில் அரை லிட்டர் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் மின்கடத்துதிறன் (dS/m அளவில்) 0.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. ஒன்றைத் தாண்டினால் விளைச்சலில் கை வைக்கத் தொடங்கும், இலை நுனி கருகும். போரில் மட்டும் உப்பு அதிகம் என்றால் அதைக் கிணற்றில் கலப்பதையே யோசிக்க வேண்டியிருக்கும்.

உப்பு விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சொட்டுநீரில் உப்பு ஈரத் திட்டின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே சேரும், வேர் நடுவில் பத்திரமாக இருக்கும். கோடையில் ஒரு சிறு மழை பெய்தால் ஓரத்து உப்பு கரைந்து நேராக வேருக்கு வந்துவிடும். மழைதான் பெய்கிறதே என்று மோட்டாரை நிறுத்திவிட்டால், நாலு நாளில் இலை உதிரும், ஏன் என்று தெரியாது. ஆகவே கோடையின் முதல் சிறு தூறலின்போது சொட்டுநீரை ஓடவிட்டு உப்பைக் கீழே தள்ளிவிடுங்கள். நல்ல கனமழை என்றால் தேவையில்லை, அதுவே கழுவிவிடும்.

இனி கிணறு. மூன்று ஏக்கருக்கு 402 மரம், தலைக்கு 80 லிட்டர் என்றால் 32,000 லிட்டர். குழாயில், வடிகட்டியில், டிரிப்பருக்கு டிரிப்பர் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு போகும். 35,000 என்று வையுங்கள். 20 அடி விட்டக் கிணற்றில் ஒரு அடி உயரத் தண்ணீர் என்பது சுமார் 8,900 லிட்டர். அதாவது சித்திரையில் உங்கள் கிணறு, போர்த் தண்ணீரையும் சேர்த்து, தினம் நாலு அடி ஊறினால் மூன்று ஏக்கரும் பிழைக்கும்.

ஊறுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கிணற்றுச் சுவரில் அடிக்கு ஒரு கோடாகப் பெயின்ட் அடியுங்கள், அல்லது முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிவிடுங்கள். மோட்டாரை நிறுத்தியதும் மட்டத்தைக் குறித்து, மறுநாள் மோட்டார் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வரவு. சித்திரையில் ஒரு வாரம் விடாமல் குறித்து நோட்டில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கரன்ட் பில் வராததால் எவ்வளவு இறைத்தோம் என்பதை நமக்கு யாரும் சொல்வதில்லை. அந்தக் கயிறு ஒன்றுதான் நமக்கு மீட்டர்.

மூன்று அடிதான் ஊறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்கு 60 லிட்டர்தான் வரும், 20 லிட்டர் துண்டு விழும். இந்த இருபதைப் புதுப் போரிலிருந்து எடுக்கலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். உங்கள் பூமி பாறை பூமி. தண்ணீர் பாறை வெடிப்புகளில் மட்டும்தான் இருக்கிறது. கிணற்றுக்கும் பழைய போருக்கும் ஊற்று கொடுக்கும் அதே வெடிப்பைப் புதுப் போர் இன்னும் ஆழத்தில் தொட்டால், ஒரு வருஷம் கொட்டும், அப்புறம் கிணறு வறண்டுவிடும். ஒரு போர் ஏற்கெனவே வற்றியதே இதற்குச் சாட்சி.

துண்டு விழுவதைத் தோட்டத்துக்குள்ளேயே சரிக்கட்டப் பாருங்கள். முதலில் மூடாக்கு. தென்னை உங்கள் பக்கம் இல்லாத இடமில்லை, மட்டையும் மஞ்சியும் சும்மா கிடைக்கும். குடை நிழல் முழுக்க அரை அடி கனத்துக்குப் பரப்புங்கள், தூரிலிருந்து ஒரு அடி மட்டும் விட்டுவிடுங்கள். செவல் மண்ணில் கரையான் வரும், காய்ந்த மட்டையைத் தின்னும். தூரை ஒட்டிப் போடாதவரை மரத்துக்குப் பயமில்லை. அடுத்து, மரத்துக்குள் நேராகச் சாட்டை மாதிரி கிளம்பும் நீர்ப்போத்துகளைக் கிள்ளிவிடுங்கள். காய்க்காது, ஆனால் தண்ணீர் குடிக்கும். களைக்காக டிராக்டர் விட்டு ஆழ உழுவதை நிறுத்துங்கள், மேல்மட்ட சல்லிவேர் முழுக்க அறுபட்டுவிடும். வெட்டி அங்கேயே போட்டால் போதும். பக்கத்துக் குளத்தில் வண்டல் எடுக்க அனுமதி கிடைத்தால் மரத்துக்கு நாலைந்து கூடை போடுங்கள், செவல் மண் ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும்.

அப்புறம், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, பிசின் முற்றிப் பாதி பட்டுப்போன மரங்களை எடுத்துவிடுங்கள். அப்படி 40 மரம் இருந்தால் நாளுக்கு 3,200 லிட்டர் மிச்சம். அதைக் காய்க்கிற மரம் குடிக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் குறைந்தால், எப்போது குறைப்பது என்பதில் கவனம் வேண்டும். பூ எடுத்ததிலிருந்து காய் கோலிக்குண்டு அளவு வரும் வரை தண்ணீரைக் குறைக்கக் கூடாது. உங்களுக்குப் பிஞ்சு கொட்டுவது அந்த நேரத்தில்தான். எலுமிச்சை விடும் பூவில் மிகப் பெரும்பகுதி தானாகவே உதிரும், அது இயற்கை. தண்ணீரை விட்டு விட்டுக் கொடுத்தால் நிற்க வேண்டிய கொஞ்சமும் போய்விடும். காய் நன்றாகத் திரண்டு சாறு ஏறிய பிறகு கால் பங்கு குறைத்தால் மரம் பொறுத்துக்கொள்ளும். ஒரேயடியாகக் காயவிட்டுத் திடீரென்று நிறைய விடுவதுதான் ஆபத்து, காய் வெடிக்கும்.

தண்ணீரை நிறுத்தினால் லாபம் வரும் காலமும் ஒன்று இருக்கிறது. எலுமிச்சைக்குக் கோடையில்தான் விலை. பூவிலிருந்து பறிப்புக்கு ஐந்து, ஆறு மாதம் ஆகும் என்பதால் பங்குனி, சித்திரையில் பழம் வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் பூ வர வேண்டும். அதற்கு ஆவணிக் கடைசியில் தண்ணீரை நிறுத்தி மரத்தைக் காயப்போடலாம். செவல் மண்ணில் இரண்டு, மூன்று வாரம் போதும். இலை மத்தியானம் சுருண்டு மறுநாள் காலையிலும் விரியாமல் நின்றால் அதுதான் அளவு. உடனே உரம் வைத்துத் தண்ணீர் விட்டுவிட வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் கிளை காயும். இத்தாலியின் சிசிலித் தீவில் எலுமிச்சைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதையே செய்கிறார்கள். ஜூன், ஜூலையில் மரத்தை வாடவிட்டுப் பின் நீரும் உரமும் கொடுத்து, அடுத்த கோடையில் பச்சை எலுமிச்சை பறித்து நல்ல விலை பார்ப்பார்கள். உங்களிடம் ஒரு சிக்கல்: புரட்டாசி மழை முந்திக்கொண்டால் வாட்டம் கலைந்துவிடும். அதனால் முதல் வருஷம் ஒரு ஏக்கரில் மட்டும் செய்து பாருங்கள். பிசின் உள்ள மரத்தை மட்டும் காயப்போடவே கூடாது.

தினமும் எவ்வளவு விடுவது என்ற குழப்பத்துக்குக் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய ஈரப்பதங்காட்டி உதவும். மண்ணில் குத்தினால் விளக்கு எரியும். நீலமும் பச்சையும் என்றால் தண்ணீர் வேண்டாம், ஆரஞ்சு என்றால் விட வேண்டும், சிவப்பு என்றால் உடனே விட வேண்டும். வாங்க மனமில்லையா, ஒரு அடி ஆழத்து மண்ணைக் கையில் பிடித்து உருட்டுங்கள். உருண்டை நின்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், உதிர்ந்தால் இன்றைக்கே விடுங்கள். மழைக்காலத்தில் இதைப் பார்க்காமல் மோட்டாரைத் தொடவே வேண்டாம். எலுமிச்சை வேருக்கு மூச்சு வேண்டும், இரண்டு நாள் தண்ணீர் கட்டி நின்றாலே மஞ்சளாகத் தொடங்கும்.

போருக்கு ஒதுக்கிய பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பகுதியில் கூடுதல் குழாயும் டிரிப்பரும் வால்வும் வாங்குங்கள். இன்னொரு பகுதியில் நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள், அடியில் பிளாஸ்டிக் விரிக்காமல். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் நிலத்திலிருந்து ஓடும் தண்ணீர் அங்கே நின்று இறங்கட்டும். வற்றிய போரை மூடிவிடாதீர்கள். சுற்றிலும் குழி எடுத்து ஜல்லி, மணல் நிரப்பி, தெளிந்த தண்ணீரை மட்டும் அதற்குள் விட்டால் அது நீர் இறக்கும் போராகும். கலங்கல் நேராகப் போனால் வெடிப்பு அடைத்துக்கொள்ளும், அதில் மட்டும் கறாராக இருங்கள்.

மகன் கேட்ட இரண்டு ஏக்கர். அதற்கு இன்னும் 268 மரம். வளர்ந்த பிறகு சித்திரையில் தினம் 21,000 லிட்டர், இழப்பைச் சேர்த்தால் கிணற்றில் இன்னும் இரண்டரை அடிக்கு மேல். சொட்டுநீர் போட்டவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மிச்சமான தண்ணீர் கண்ணில் பட்டதும் அதற்கு ஒரு பயிர் வைத்துவிடுகிறார்கள், கிணற்றுக்கு ஒன்றும் மிச்சமில்லை. மழை பொய்க்கும் வருஷத்தில் ஐந்து ஏக்கரும் சேர்ந்து வாடும், மூன்று வருஷம் வளர்த்த கன்றை உழவு மாடு மாதிரி விற்கவும் முடியாது. இரண்டு சித்திரை கயிறு கட்டி அளந்து, அந்த இரண்டு வருஷமும் ஆறரை அடிக்கு மேல் ஊறினால் வையுங்கள். அதுவரை அந்த நிலத்தில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி உளுந்தோ பாசிப்பயறோ விதைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்ச் சோதனை முடிவு வந்ததும், கிணற்று மட்டம் எழுதிய நோட்டின் ஒரு பக்கத்தோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். போர்த் தண்ணீரைக் கலக்கலாமா வேண்டாமா என்பதை அப்போது முடிவு செய்வோம்.